வழிக்காப்பி

எங்கள் வீட்டில் பிராந்திக்குக் காப்பி என்று பெயர். பிராந்தி என்று வாய்விட்டுச் சொன்னால் அடுத்த வீட்டு ஆச்சி காதைப் பொத்திக்கொள்வார். காப்பி என்று சொன்னால் எனக்கும் ஒரு வாய் தா என்று தம்ளரோடு வந்து நிற்பார். இரண்டாவது ஆபத்துதான் பெரிது என்பார் என் வீட்டுக்காரர். அவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சாரல் தொடங்குகிற சமயம் பார்த்து மிலிட்டரி கேண்டீனில் இருந்து எண்ணெய், சோப்பு, பிஸ்கட்டோடு ஒரு பாட்டிலும் வாங்கி வருவார். அவர் குடிக்கிறவர் இல்லை. பீரோவில் என் பட்டுச்சேலைகளுக்குப் பக்கத்தில் அது பத்தினி மாதிரி நிற்கும்.

சாரல் விழுந்தால் தென்காசிக்காரர்களுக்குச் சொந்தபந்தம் பெருகிவிடும். மற்ற மாதங்களில் இருக்கிறோமா செத்தோமா என்று கேட்காதவர்கள்கூட, "அருவியில தண்ணி விழுதா?" என்று போன் போடுவார்கள். விழுகிறது என்றால் மறுநாள் வாசலில் கார் நிற்கும். வந்தவர்கள் குற்றாலத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து, இருக்கிற கொடியெல்லாம் ஈரத் துண்டாகப் போட்டு, என் இடுப்பை ஒடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். கிளம்பும்போது, கடைசிக் குளியலின் ஈரத் தலையோடு வாசலில் நிற்கிறவர்களுக்குக் கொடுப்பதுதான் வழிக்காப்பி. என் வீட்டுக்காரர் குடும்பத்தில் அது வழக்கம். சளி பிடிக்காமல் இருக்க என்று ஆரம்பித்ததாம். எப்படி ஆரம்பித்தால் என்ன, இன்றைக்கு அது இல்லாமல் ஒருத்தரும் படி இறங்குவதில்லை.

அதைச் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். என்னிடம் இல்லாத சாமான் அது ஒன்றுதான். கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு நல்ல கருப்பட்டி என்றாலும் கொஞ்சம் மண் இருக்கும். பிறகு சுக்கு, மிளகு, கொத்தமல்லி, ஒரே ஒரு கிராம்பு, எல்லாவற்றையும் நைத்துப் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். மணம் கூடத்துக்குப் போனபின் காப்பித்தூளைப் போட்டு, ஒரு கொதியில் இறக்கி மூடிவிட வேண்டும். இதற்குமேல் வடிகட்டக் கூடாது. தம்ளரில் முதலில் பிராந்தி, பாட்டிலின் மூடியால் அளந்து. ஆண்களுக்கு இரண்டு மூடி, பெண்களுக்கு ஒன்று. அதன்மேல் காப்பி. அடுப்பில் இருக்கும்போதே பிராந்தியை ஊற்றினால் சரக்கு ஆவியாகிப் போகும். வீட்டுக்குப் போதை ஏறும், ஆள் தெளிவாக இருப்பார்.

குடிக்கிறவருக்கு ஒரு விதி உண்டு. கடைசி ஒரு வாயைக் குடிக்கக் கூடாது. அடியில் தங்கும் மண்டியோடு அதை அப்படியே விட்டு, "வந்து குடிக்கேன்" என்று சொல்லித் தம்ளரைத் திருப்பித் தர வேண்டும். மிச்சம் வைத்தவர் திரும்பி வருவார். வழித்துக் குடித்தவர் இந்த வீட்டோடு உறவை முடித்துக்கொண்டார் என்று அர்த்தம். ஒரு முறை என் வீட்டுக்காரரோடு பட்டாளத்தில் இருந்த வடக்கத்திக்காரர் ஒருவர், மிச்சம் வைத்தால் நான் வருத்தப்படுவேனோ என்று நினைத்து, மண்டியோடு மடக்கென்று குடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் காரைத் தெருமுனையில் மறித்து, இன்னொரு தம்ளரை ஜன்னல் வழியாக நீட்டி, மிச்சம் வாங்கிக்கொண்டுதான் வழிவிட்டார். அந்த மனுஷர் வரும்போது தெளிவாக வந்தார், போகும்போது இரட்டைப் போதையில் போனார்.

வாங்கின மிச்சத்தை நாங்கள் என்ன செய்வோம்? கார் தெருவைத் தாண்டியதும் கறிவேப்பிலைத் தூரில் ஊற்றிவிட்டுத் தம்ளரைக் கழுவி வைப்போம். அதை எடுத்து வைத்துக்கொண்டு யாராவது காத்திருப்பார்களா?

மைனிக்கு மட்டும் ஒண்ணரை மூடி. மைனி என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமாகி பம்பாய்க்குப் போனவள், புருஷன் போன பிறகும் மகனோடு அங்கேயே இருந்துவிட்டாள். என்னைவிட மூத்தவள்தான், நேரில் நீங்க போட்டுத்தான் பேசுவேன். ஆனால் எழுதும்போது 'அவர்' என்று போட்டால் யாரோ மாதிரித் தெரிகிறாள், அதனால் அவள். வருஷம் தவறாமல் சாரலுக்கு வருவாள். அவள் வந்தால் எனக்கு வேலை பாதியாகும், பேச்சு இரட்டிப்பாகும். எனக்குக் கூடப்பிறந்த பெண்பிள்ளை கிடையாது. அந்த இடம் முழுவதையும் அவள்தான் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த அரை மூடியே சண்டையில் வாங்கினதுதான். "ஆம்பளைக்கு ரெண்டு, பொம்பளைக்கு ஒண்ணு, இது எந்த ஊரு நியாயம்ட்டி? அருவித் தண்ணி என்ன, பொம்பளைக்குப் பாதி குளுருமா?" என்று கேட்டாள். இரண்டு கொடுத்தால் தம்பிக்கு மரியாதை போகும், ஒன்று கொடுத்தால் அக்காவுக்குப் போகும் என்று ஒண்ணரையில் ராசியானோம்.

அவள் மகன் பம்பாயில் பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழ் சாப்பிடலாம், ஆனால் அங்கங்கே கல் கடிக்கும். ஒரு வருஷம் மைனி எங்கள் வீட்டில் இருந்து ஊர் போய்ச் சேர்ந்த அன்று, அவன் ஆபீசில் இருந்து போன் பண்ணி, "மாமா, அம்மா போய்ச் சேந்துட்டாங்க" என்றான். என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் போனைப் பிடுங்கிக் கேட்டு, அலறிய அலறலில் அடுத்த வீட்டு ஆச்சி ஓடி வந்தார். அந்தப் பக்கத்தில் அவன் பயந்துபோய், "ஏன் அத்தை அழறீங்க? வீட்டுக்குத்தான் போய்ச் சேந்துட்டாங்க. டீ குடிக்கிறாங்க" என்கிறான். சாயங்காலம் மைனியே கூப்பிட்டாள். "என்னட்டி, காரியம் முடிஞ்சிட்டா, இல்ல பதினாறாம் நாளுக்கு நானும் வரணுமா?" சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

அதன்பிறகு என் வீட்டுக்காரர் மருமகனுக்குப் பாடம் எடுத்தார். "ஏலே, செத்தவங்களத்தாம்லே போய்ச் சேந்துட்டாங்கன்னு சொல்லணும். ஊருக்கு வந்தவங்கள வந்துட்டாங்கன்னு சொல்லு." அவனும் ஒவ்வொரு வருஷமும் பரீட்சை எழுதுகிற பிள்ளை போல நிதானமாக, "மாமா, அம்மா வந்துட்டாங்க" என்பான்.

போன சாரலுக்கு மைனி வந்தபோது ரவிக்கைக் கையில் ஊக்கு குத்தியிருந்தாள். அப்படியும் அது தொளதொளவென்று கிடந்தது. கண்ணில் மஞ்சள். வரும் முன்பே மகன் மாமாவிடம் போனில் சொல்லியிருந்தான்: ஈரல் கெட்டுவிட்டது, அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை, ஆசைப்படுகிறார்கள், அனுப்புகிறேன், அந்தக் காப்பி மட்டும் வேண்டாம், ஒரு சொட்டுக்கூட. வருஷத்துக்கு ஒண்ணரை மூடி குடித்தவளுக்கு ஈரல் கெடுகிறது. தினம் கடை திறக்கும் முன்னால் போய் நிற்கிறவன் எல்லாம் மோட்டார் சைக்கிளில் கல்லுப்போலச் சுற்றுகிறான். கடவுளின் கணக்கு எனக்கு ஒரு நாளும் பிடிபட்டதில்லை.

மெயின் அருவியில் அவளால் நிற்க முடியவில்லை. பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் நான் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தும் முடியவில்லை. ஓரமாகப் போய் உட்கார்ந்து, தெறிக்கிற நீருக்கு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "எனக்கு இம்புட்டுப் போதும்ட்டி, நீ போய் நனை" என்றாள். நான் போய் அருவிக்கடியில் நின்றேன். அங்கே நின்று அழுதால் யாருக்கும் தெரியாது.

பயண நாள் நெருங்கியதும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அடுக்களையில் குசுகுசுவென்று சண்டை.

"அரை மூடி ஊத்துதேன். பேருக்கு. வெறுங் காப்பியக் கொடுத்தா கண்டுபிடிச்சிருவாங்க. தனக்கு என்னன்னும் தெரிஞ்சிரும்."

"ஒரு சொட்டு கூடாதுன்னு சொல்லிருக்கான்."

"மிச்சம் வைக்கணும்லா?"

"காப்பிலயே வைக்கட்டும். இங்கன பாரு, நீ ஊத்துனன்னா எங்க அக்காவ நீ கொன்னதா அர்த்தம்."

அவர் கோபக்காரர் இல்லை, நான்தான் கோபக்காரி. ஆனால் அந்த வார்த்தை அவர் வாயில் இருந்துதான் வந்தது.

கிளம்புகிற அன்று காலையில், பம்பாய்க்குக் கொடுத்துவிட நேந்திரம் சிப்ஸும் மங்குஸ்தானும் வாங்க நாங்கள் இருவரும் கடைவீதிக்குப் போனோம். திரும்பி வந்தபோது மைனி பெட்டியைக் கட்டி, தான் போர்த்தின பட்டாளத்துக் கம்பளியையும் மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். உடம்பு முடியாத நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று ஏசினேன். "என் கம்பளிய நான் மடிச்சா ஒனக்கு என்னட்டி?" என்றாள்.

வழிக்காப்பி போட்டேன். பிராந்தி இல்லாததை மறைக்க மிளகைக் கூட்டினேன். மனசு கேட்கவில்லை. பாட்டிலைச் சாய்த்து ஒரு விரலை நனைத்து, அவள் தம்ளரின் விளிம்பைச் சுற்றித் தடவினேன், வாசனைக்கு. மைனி வாங்கி முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். நின்றபடி மெல்ல மெல்லக் குடித்தாள். கடைசி வாய்க்கு நாங்கள் இருவரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தம்ளரை அண்ணாந்து கவிழ்த்தாள். அடியில் இருந்த மண்டியையும் விரலால் வழித்து நக்கினாள். காலித் தம்ளரை என் கையில் தலைகீழாக வைத்தாள்.

"வெறுங் காப்பில என்னட்டி மிச்சம் வைக்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அடுக்களைக்குத் திரும்பினேன், வடக்கத்திக்காரருக்குக் கொடுத்ததைப்போல இன்னொரு தம்ளர் கொண்டுவர. என் வீட்டுக்காரர் வழியில் நின்றார். தலையை ஆட்டினார். மைனி எப்போதும்போல, "வாரேன்" என்று சொல்லிக் காரில் ஏறினாள். அந்த வார்த்தையை நம்புவதா, என் கையில் இருந்த காலித் தம்ளரை நம்புவதா என்று தெரியாமல் நான் தூறலில் நின்றுகொண்டிருந்தேன். கறிவேப்பிலைக்கு ஊற்ற அன்றைக்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் பீரோவைத் திறந்த என் வீட்டுக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எம்புட்டு ஊத்துன?" என்றார். ஒரு விரல் நனைத்தேன் என்றேன். "விரல் நனைச்சா இம்புட்டா குறையும்?" என்றார். குறைந்துதான் இருந்தது. அக்காவை அனுப்பிய துக்கத்தில் இவரே குடித்துவிட்டு என்மேல் பழி போடுகிறார் என்று நான் நினைத்தேன். நான் ஊற்றிவிட்டேன் என்று அவர் நினைத்தார். தம்ளர் செட்டில் ஒன்று குறைந்ததும் அப்போதுதான் தெரிந்தது. வழிக்குக் கட்டின சாப்பாட்டுப் பையோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மருமகன், "அம்மா வந்துட்டாங்க மாமா" என்றான்.

பொங்கலுக்கு முந்தி, மைனியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், ஒரு மத்தியானம். நான் இலையை எடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து, மணியடித்த போனை ஸ்பீக்கரில் போட்டார். மருமகன் குரல்.

"மாமா, அம்மா போய்ச் சேந்துட்டாங்க."

இவர் சிரித்தார். "ஏலே மருமகனே, எத்தன வருசமா சொல்லுதேன்? ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்தா வந்துட்டாங்கன்னு சொல்லணும்லே."

"இல்ல மாமா." அவன் அழுகை வந்து, நின்று, திரும்ப வந்தது. "இப்போ கரெக்டாதான் சொல்றேன்."

அந்தச் சிரிப்பு என் வீட்டுக்காரர் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. இறங்க வழி தெரியவில்லை அதற்கு. அதன்பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

பம்பாய்க்குப் போய்க் காரியமெல்லாம் முடித்து வந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பாட்டில் நின்றது. அவர் நேராக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் செய்தித்தாளை மடிக்கும்போது, "ஊத்தாம இருந்திருக்கலாம்" என்றார். சத்தியமாக ஊற்றவில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. ஒரு மூடி பிராந்தியால் மைனி சாகவில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் துக்கத்துக்கு யார்மேலாவது சாய வேண்டியிருக்கிறது, பக்கத்தில் இருந்தது நான்.

என் துக்கம் வேறு. என்னால் சொல்லவும் முடியாது. அவள் வழித்துக் குடித்துவிட்டாள். நாங்கள் ஏமாற்றியதைக் கண்டுபிடித்து, இனி இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று காட்டிவிட்டுப் போனாள். அவள் செத்ததைக்கூட நான் ஏற்றுக்கொண்டேன். அவள் திரும்பி வர ஆசைப்படாமல் செத்தாள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோற்றுக்கு உலை வைக்கும்போது, துணி காயப்போடும்போது, விரலால் மண்டியை வழிக்கும் அந்தக் கை வந்து நிற்கும். ஏன் மைனி, ஒரு வாய், ஒரே ஒரு வாய் வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

இந்த வருஷமும் சாரல் விழுந்தது. யாருடைய சாவுக்கும் அது நிற்பதில்லை. போன் பண்ணினவர்களிடம் எல்லாம் அருவியில் தண்ணீர் இல்லை என்று கூசாமல் பொய் சொன்னேன். அப்படியும் வடக்கத்திக்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார், அவர் போனே பண்ணவில்லை. குளிருகிறது, கம்பளி வேண்டும் என்றார்கள். கம்பளிகளை நாங்கள் சாரலுக்கு மட்டும்தான் இறக்குவோம். மைனி மடித்து வைத்துவிட்டுப் போனபின் அந்த அலமாரியின் மேல்தட்டில் யாரும் கை வைக்கவில்லை.

அலமாரிக் கதவைத் திறந்ததும் எறும்புச் சாரை. சுவரோரமாக ஏறி மேல்தட்டில் கம்பளிக்குப் பின்னால் போனது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று நாற்காலி போட்டு ஏறினேன். மைனியின் கம்பளியை எடுத்ததும் பின்னால், சுவரை ஒட்டி, ஒரு தம்ளர். அதன் வாயில் ஒரு சின்ன டப்பா மூடி கவிழ்ந்திருந்தது. செட்டில் குறைந்த தம்ளர்.

மூடியை எடுத்தேன். அடியில் கறுப்பாக, தார் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு வாய் அளவு. கருப்பட்டி மணம் வந்தது. பிராந்தி மணம் ஒரு வருஷம் நிற்குமா என்று தெரியாது, எனக்கு அடித்தது.

நாற்காலியில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் அடுக்களைக் குசுகுசு அவள் காதில் விழுந்திருக்கிறது. நாங்கள் கடைவீதிக்குப் போயிருந்தபோது அவளே அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். மூச்சு வாங்க வாங்கச் சுக்கைத் தட்டியிருக்கிறாள். பீரோவைத் திறந்து தன் பங்கை ஊற்றிக் குடித்து, தன் மிச்சத்தை வைத்து, கறிவேப்பிலைக்குப் போகாத இடத்தில் ஒளித்திருக்கிறாள். அதன்பிறகு வந்து எங்கள் பொய்க் காப்பியை வழித்து நக்கிக் காட்டி எங்களைக் கேலி பண்ணிவிட்டுக் காரில் ஏறியிருக்கிறாள். தனக்கு என்ன வியாதி என்று முழுக்கத் தெரிந்தவள். தெரிந்தும் மிச்சம் வைத்திருக்கிறாள்.

நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். தம்ளரை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். கட்டிலில் உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணரை மூடி" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ ஊத்தல" என்றார்.

"இல்லங்க."

"நீ ஊத்தலட்டி" என்று மறுபடியும் சொல்லிவிட்டு அழுதார். பம்பாயில் அழாத அழுகை. நான் நாற்காலியில் இருந்து இறங்கி அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆத்திரமும் அழுகையுமாக எனக்கும் வந்தது. இவர்மேல், மைனிமேல், ஒரு வருஷமாக நான் திட்டித் தீர்த்த அந்த விரல்மேல். கூடத்தில் வடக்கத்திக்காரர் பிள்ளைகள் குளிரில் கத்திக்கொண்டிருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றக் கம்பளிகளை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். திரும்பி வந்து, தம்ளரை என்ன செய்ய என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கறிவேப்பிலைக்கு ஊற்ற முடியாது, இறுகிவிட்டது. கழுவ எனக்குக் கை வராது. கடைசியில் நாற்காலியில் ஏறி அது இருந்த இடத்திலேயே வைத்தேன். முன்னால் மைனியின் கம்பளியை வைக்கப் போனேன்.

கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "மூடிய நல்லா அமுக்கி வையிட்டி. வரும்போது எறும்பு கெடந்தா ஏசுவா."

அமுக்கி வைத்தேன்.